ஊருக்கு வயது எழுத மரம் போதும்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். போடி ஒன்றியத்து ஊராட்சிகளில் ஒன்று. இந்த ஊருக்கு வயது என்ன என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்லிவிட முடியாது. அது இந்த ஊரின் குறையும் இல்லை. மலையடிவாரத்து ஊர்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் நிலையும் இதுதான். காட்டைத் திருத்தி முதல் விதைப்பு நடந்த ஆண்டு, முதல் கிணறு வெட்டிய ஆண்டு, சாமிக்குக் கல் நட்ட ஆண்டு, வரிக்கணக்கில் பெயர் ஏறிய ஆண்டு, ஊராட்சியான ஆண்டு என்று ஊர் பல தடவை பிறக்கிறது. ஆனாலும் ஊருக்குப் பிறந்தநாள் கொண்டாடும் ஆசை இப்போது பரவிவருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு, நகராட்சிக்கு நூற்றைம்பது, மாவட்டத்துக்கு வெள்ளிவிழா. விழா நடந்தால் அடையாளமாக ஏதாவது நிற்க வேண்டும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் கறுப்புக் கிரானைட். அதில் மஞ்சள் எழுத்து, மேலே ஒரு திரைச்சீலை, இழுப்பதற்குக் கயிறு. ஊரின் ஆண்டுவிழாப் பலகை மரத்தில் செதுக்கப்பட வேண்டும் என்பது என் வாதம். மரம் அழகாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆண்டுவிழா என்கிற காரியத்தின் இயல்புக்கு மரம் பொருந்துகிறது, கல் பொருந்தவில்லை.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சிற்றூர்கள்கூட நூறாவது, நூற்றைம்பதாவது ஆண்டுவிழாவுக்கு மரப்பலகை செதுக்கி நகர மன்றத்திலோ நூலகத்திலோ மாட்டிவைப்பதுண்டு. அங்கே பல ஊர்கள் யாரோ நில அளவை செய்து, மனை பிரித்து, பெயர் வைத்து, பத்திரம் எழுதித் தொடங்கப்பட்டவை. அதனால் பிறந்த தேதி காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊருக்கு அந்த வசதி இல்லை. நம்மிடம் இருக்கும் மரபு வேறு. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை. தமிழகத்தில் இதுவரை கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவையாக எண்ணப்படுபவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மாவட்டத்துக்காரர்கள் கல்லில் எழுதியிருக்கிறார்கள், அதுவும் நிலைத்திருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதியது எதை? தங்கள் கண்முன் நடந்த ஒரு சாவை. இன்னாரின் கல் இது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு இத்தனை வயது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. கல்லுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

ஆண்டுவிழாவில் நாம் எழுதுவது நடந்த ஒன்றை அல்ல, ஒரு கழித்தல் கணக்கின் விடையை. இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டைக் கழித்தால் இத்தனை. அதில் எந்த ஆண்டைக் கழிப்பது என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் விழா எடுப்பவர்கள்தான். சென்னையைப் பாருங்கள். 1639 ஆகஸ்ட் 22 என்று ஒரு நாளைப் பிடித்து, 2004 முதல் 'மெட்ராஸ் டே' கொண்டாடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கொடுத்த ஆவணத்தின் தேதி ஜூலையா ஆகஸ்டா என்பதில் வரலாற்றாளர்களிடையே வழக்கு உண்டு. அது தீர்ந்தாலும், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஊர்களாக இருந்தவை. அவற்றை உள்ளடக்கிய நகரத்துக்கு எப்படி 1639-இல் பிறந்தநாள் வைப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மாநிலத்தின் கதையும் இதேதான். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி எல்லை அமைந்தது. 1967 ஜூலை 18 அன்று 'தமிழ்நாடு' என்ற பெயருக்காகச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரியில் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடிக்கொண்டிருந்த அரசு, 2021-இல் ஜூலை 18-க்கு மாற்றியது. மாற்றியது சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. மாற்ற முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தேனி மாவட்டத்துக்கும் இரண்டு தேதி உண்டு: மதுரையிலிருந்து பிரிப்பதற்கு 1996 ஜூலையில் அரசாணை, இயங்கத் தொடங்கியது 1997-இன் தொடக்கத்தில்.

போடிக்கு ரயில் வந்த கதை இந்தச் சிக்கலை இன்னும் நன்றாகக் காட்டும். மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010-இன் கடைசி நாளோடு, அகலப்பாதையாக்குவதற்காக ரயில் நின்றது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. 2028-இல் நூற்றாண்டு வருகிறது. கணக்குப்படி நூறு, ஆனால் ஓடாத காலத்தைக் கழித்தால் எழுபத்தைந்தைச் சுற்றித்தான் நிற்கும். கிரானைட் பலகைக்காரர் 'நூற்றாண்டு விழா' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அந்த இரண்டு சொல்லில், ரயில் இல்லாமல் ஏலக்காய் மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பிய ஒரு முழுத் தலைமுறை காணாமல் போய்விடும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு தஞ்சாவூர்ப் பெரியகோயிலைக் காட்டும். 2010-இல் அந்தக் கோயிலுக்கு ஆயிரமாண்டு விழா எடுத்தோம். நாணயமும் அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். ஆயிரம் என்று துணிந்து சொல்ல முடிந்தது எதனால்? ராஜராஜன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கோயில் கல்வெட்டே சொல்வதால். கல்லில் எழுதியதால்தானே கணக்குக் கிடைத்தது என்று கேட்டால், ஆம், அப்படித்தான். ஆனால் அந்தக் கல்வெட்டு ஆண்டுவிழாக் கல்வெட்டு இல்லை. குடத்தைக் கொடுத்தவனே, கொடுத்த நாளையே எழுதிவைத்தது. கொடுத்த பொருள் என்ன, எடை என்ன என்று கணக்குப்பிள்ளையின் மொழியில் எழுதிய கல்வெட்டுகள் நிறைந்த கோயில் அது. நம் ஊராட்சி ஒரு தொட்டி கட்டினால், கட்டிய ஆண்டையும் கொள்ளளவையும் கல்லில் வெட்டிவைக்கட்டும். அதுதான் கல்லுக்குரிய செய்தி. 'ஆயிரம் ஆண்டு பழமை வாய்ந்த ராசிங்காபுரம்' என்று சான்றில்லாமல் கல்லில் வெட்டினால், இருநூறு ஆண்டு கழித்து அதுவே சான்றாகிவிடும். அடுத்து வருகிறவர் அந்தக் கல்லைப் பார்த்துப் புத்தகம் எழுதுவார். நம் உள்ளூர் வரலாறுகளில் பாதிக் குழப்பம் இப்படித்தான் வந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: மரம் அழியும். கரையான் அரிக்கும், வண்டு துளைக்கும், மழையில் உளுக்கும், தீப்பிடிக்கும். இதற்குச் சத்தீஸ்கரின் கிராரி மரத்தூணைவிடச் சரியான சாட்சி கிடையாது. 1921-இல் அந்த ஊர்க் குளம் வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து பிராமி எழுத்துப் பொறித்த மரத்தூண் ஒன்று வெளிவந்தது. ஏறக்குறைய கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் மரத்தில் கிடைத்த இவ்வளவு பழைய, இவ்வளவு நீண்ட கல்வெட்டு — மரவெட்டு என்றே சொல்லலாம் — அரிதினும் அரிது. பதினேழு, பதினெட்டு நூற்றாண்டுகள் தண்ணீருக்கடியில் கெடாமல் கிடந்த அந்தத் தூண், கரையேறி வெயில் பட்டதும் உலர்ந்து, வெடித்து, எழுத்துகளோடு சேர்ந்து மேல்பரப்பு உதிரத் தொடங்கிவிட்டது. நல்லவேளையாக அவ்வூர்ப் பண்டிதர் லட்சுமி பிரசாத் உபாத்யாயர், எழுத்து இன்னதென்று தெரியாமலே, பார்த்தது பார்த்தபடி தாளில் வரைந்துவைத்தார். இன்று அறிஞர்கள் படிப்பது பெரும்பாலும் அவர் வரைந்த பிரதியைத்தான். தூணின் மிச்சம் ராய்ப்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தச் செய்தியை மரத்துக்கு எதிரான சாட்சியாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, மரத்தைக் கெடுப்பது காலம் இல்லை, மாற்றம். எப்போதும் நனைந்தே கிடந்தால், காற்றுப் புகாததால் பூஞ்சை பிழைப்பதில்லை, மரம் நிற்கும். எப்போதும் உலர்ந்தே இருந்தாலும் நிற்கும். ஈரப்பதம் சுமார் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் உளுப்புப் பூஞ்சை வளர்வதில்லை. நனைவதும் காய்வதுமாக இருந்தால்தான் கெடும். காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு படுத்திருந்து 1979-இலும் 2019-இலும் வெளியே வந்த அத்திமரத்து வரதரை நினைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், புனே அருகே பாஜா குகையின் கூரையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வைத்த மரச்சட்டங்கள் மழைபடாத இடத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பிராமி எழுத்துகளும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையும் செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவுகளும் தலைமுறைகள் கடந்து நிற்பதற்குக் காரணம் கூரைதான். இரண்டாவது, பொருள் போனாலும் பிரதி எடுத்தவர் ஒருவர் இருந்தால் செய்தி போவதில்லை. கல்லுக்கு ஊரார் பிரதி எடுத்து வைப்பதில்லை. அது இருக்கும் என்ற தைரியம். கோயில் திருப்பணியில் கல் இடம்மாறி, எழுத்துள்ள முகம் சுவருக்குள் போன கதைகளும், மணல்வீச்சில் கல்வெட்டுகள் மழுங்கிய கதைகளும் அந்தத் தைரியத்தால் வந்தவை. மரம் போய்விடும் என்று தெரிவதால், அதைக் காப்பாற்ற வேண்டும், எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஊருக்கு இயல்பாகவே வரும்.

புதுப்பிப்பது நம் மண்ணுக்குப் புதிது இல்லை. பூரி ஜகந்நாதருக்கு வேப்பமரத்தில் புதுத் திருமேனி செய்வது 1996-இலும் 2015-இலும் நடந்தது. ஜப்பானின் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எந்தத் தேரும் முழுக்க முழுக்கப் பழைய மரமாக ஓடவில்லை. அச்சு ஒருமுறை, சக்கரம் ஒருமுறை, விதானத்துப் பொம்மை ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே வருகிறோம். தேர் பழைய தேர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஐம்பதாண்டுக்கு ஒருமுறை ஊர் கூடிப் பலகையை இறக்கி, தவறானதைத் திருத்தி, புதிதாகத் தெரிந்ததைச் சேர்த்து, மறுபலகை செதுக்கி, பழையதைப் பக்கத்திலேயே வைத்தால் போதும். கணக்கைத் திருத்த இடம்கொடுக்கும் பொருளில்தான் கணக்கை எழுத வேண்டும்.

சரி, வயது நிச்சயமில்லை என்றால் பலகையில் எதைத்தான் எழுதுவது? இங்கேயும் கிராரித் தூண் உதவுகிறது. வரலாற்றாளர்கள் அதை மதிப்பதற்குக் காரணம் மன்னனின் புகழ்மொழி இல்லை. நகரக் காவலர், படைத்தலைவர், கணக்கர், கருவூலம் பார்ப்பவர், யானை ஏறுபவர், குதிரை ஏறுபவர், மடைப்பள்ளி அதிகாரி என்று அந்தக் காலத்துப் பதவிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஓர் அரசு எப்படி நடந்தது என்பதை அந்த வரிசை காட்டிவிடுகிறது. ராசிங்காபுரத்துப் பலகை அதுபோலப் பிழைப்புகளை எழுதட்டும். இந்த மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போய், பொழுதுசாய வீடு திரும்பும் பெண்களை எழுதட்டும். அந்தக் காய் போடிக்கு வந்து தரம் பிரிக்கப்படுவதையும், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடப்பதையும், விழா நடந்த வாரத்தில் ஏலக்காய் கிலோ என்ன விலைக்குப் போனது என்பதையும் எழுதட்டும். இலவங்காய் உடைத்துப் பஞ்சு எடுப்பது, மெத்தை தைப்பது, தென்னை, கறவை மாடு. ஆழ்துளைக் கிணற்றில் எத்தனையாவது அடியில் தண்ணீர், 18-ஆம் கால்வாயில் அந்த ஆண்டு தண்ணீர் விட்டார்களா, போடிக்குப் பேருந்துக் கட்டணம் என்ன. இவையெல்லாம் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தவை என்பதாலேயே யாரும் எழுதிவைப்பதில்லை. நூறு ஆண்டு கழித்து எவருக்கும் தெரியாமல் போவதும் இவைதான்.

வயதைப் பற்றி ஒரு வரி வேண்டுமென்றால், தெரிந்ததை மட்டும் எழுதலாம். 'இன்ன ஆண்டின் இன்ன ஆவணத்தில் ஊர்ப்பெயர் காணப்படுகிறது. அதற்கு முன்னும் ஊர் இருந்திருக்கலாம்' என்று எழுதினால் பெருமை குறைந்துவிடாது. தேடிப் பார்க்க இடங்கள் இருக்கின்றன: 1868-இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு நூல், 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியர், 1871 முதல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகள், 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரித் திட்டப் பதிவேடுகள், ஊர்க்கோயில் கல்வெட்டு இருந்தால் அது. இந்தத் தேடலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் விழாவுக்கான பாதி வேலை அங்கேயே நடந்துவிடும்.

பெயர்கள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும். நம் கிரானைட் பலகைகளில் செய்திக்கு ஒரு வரி, பெயர்களுக்குப் பதினைந்து வரி. யார் தலைமை, யார் முன்னிலை, யார் வரவேற்பு, யார் பெயர் எந்த அளவு எழுத்தில் என்பதில் தொடங்கும் பூசல், சில ஊர்களில் பலகையை உடைப்பதில் முடிந்திருக்கிறது. ஆட்சி மாறினால் பலகை மூடப்படுவதும் நமக்குப் பழக்கமான காட்சி. மரத்தில் இடம் குறைவு, உழைப்பு அதிகம். ஓர் எழுத்துக்கு எத்தனை உளிக்கொத்து என்பது ஆசாரிக்குத் தெரியும். அந்தச் சிக்கனமே ஒரு காவல். உயிரோடிருக்கும் யார் பெயரும் பலகையில் வேண்டாம், செதுக்கியவர் பெயரையும் ஆண்டையும் தவிர. பதவியில் இருப்பவர்களுக்கு விழா மலரில் இடம் உண்டு, ஊராட்சித் தீர்மானப் புத்தகத்திலும் இடம் உண்டு.

எந்த மரம் என்று கேட்டால், போடிப் பக்கத்தில் கண்ணெதிரே நிறைய நிற்கும் இலவு உதவாது. மிக லேசான, மென்மையான மரம், எழுத்து நிற்காது, வண்டு விடாது. ஈட்டி அழகானது. ஆனால் அதைக் காக்க 1990-களில் தமிழ்நாடு தனிச்சட்டமே கொண்டுவரும் அளவுக்கு அது அருகிப்போனது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லிருந்தே வேறொரு சட்டமும் இருக்கிறது. ஊருக்கு விழா எடுக்க மலைமரத்தை வெட்டுவது நல்ல தொடக்கமாக இருக்காது. தேக்கு பாதுகாப்பான தேர்வு, விலைதான் அதிகம். என் ஓட்டு பலாவுக்கு. மலைச்சரிவில் வீட்டுக்கு வீடு நிற்கிற மரம். வீணையும் மிருதங்கமும் அதில்தான் செய்கிறோம். வைரம் பாய்ந்த பலாவைக் கரையான் எளிதில் தொடுவதில்லை. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். காற்றில் சாய்ந்த கிழட்டுப் பலா ஒன்று பட்டா நிலத்தில் கிடைத்தால் எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. வெளிறை முழுக்க நீக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். பூச்சி முதலில் பிடிப்பது வெளிறைத்தான்.

மரம் கிடைத்தவுடன் உளியைத் தூக்கிவிடக்கூடாது. பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றாடக் காயவிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பழைய கணக்கு. பச்சை மரத்தில் செதுக்கி விழாவுக்கு மாட்டினால், ஆனி ஆடிக் காற்றில் அது வெடித்துவிடும். கணவாய் வழியாக இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் மேல்காற்றின் வேகம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மரம் நீளவாக்கில் அசைவதில்லை. குறுக்குவாக்கில் ஈரத்துக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். ஆகவே அகலமான ஒரே பலகையைவிடக் குறுகிய மூன்று நான்கு பலகைகளைச் சேர்ப்பது நல்லது. சுவரில் மாட்டும்போது இரண்டு பக்கமும் இறுக்கி முடுக்கக்கூடாது. ஒரு பக்கத்துத் திருகாணித் துளையைச் சற்று நீளமாக விட்டால் மரம் அசைந்துகொள்ள இடமிருக்கும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் முதுகு வழியாக ஏறுவதுதான் பல பலகைகளின் சாவுக்குக் காரணம்.

எழுத்து செதுக்குவதில் தமிழுக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. க, ண, ன, ஞ போன்றவற்றின் சுழிக்குள் சின்னத் தீவுபோல மரம் மிஞ்சும். அங்கே நார் ஓட்டம் குறுகிவிடுவதால் உளி கொஞ்சம் பிசகினாலும் தீவு பெயர்ந்துபோகும். எழுத்தைச் சிறிதாக்கிச் செய்தியை நிறைய அடைக்கப் பார்த்தால் நடப்பது இதுதான். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத எழுத்து, புடைப்பாக அல்லாமல் குழிவாக, அடியில் கூர்ந்து முடியும் வெட்டு: இப்படிச் செய்தால் நிழல் விழுந்து வண்ணமே பூசாமல் வாசிக்கலாம். இன்னொன்று. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததற்கு முந்தைய பலகைகளில் பழைய 'லை', பழைய 'ணை' இருக்கும். ஆண்டு அழிந்துபோன பலகைக்கு அதை வைத்தே வயது சொல்லிவிடலாம். எழுத்தின் உருவமும் தன் காலத்தைச் சொல்கிறது என்பதால், கல்வெட்டுப் பாணி என்று செயற்கையாகப் பழைய வடிவத்தைப் பூசிக்கொள்ளாமல், இன்றைய கையெழுத்திலேயே செதுக்குவது நேர்மை.

இதை சி.என்.சி. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்துவிடுமே என்பார்கள். கொடுக்கும். பூசையறைக் கதவுகளுக்கு இப்போது பல ஊர்களில் அதுதான் நடக்கிறது. இயந்திரம் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரிலும் கள்ளக்குறிச்சியிலும் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற கைவினைக் குடும்பங்கள் இருக்கின்றன. வாகை, தூங்குமூஞ்சி, வேம்பு என்று ஒவ்வொரு மரத்தின் குணமும் அறிந்தவர்கள். தேருக்கும் வாகனத்துக்கும் வேலை வருவது எப்போதோ ஒருமுறை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்று இப்படி ஒரு பலகை செய்ய நினைத்தாலும், எழுத்து செதுக்குவதென்ற தனித் தொழிலே மறுபடி எழும். இது வாதத்துக்கு வெளியே உள்ள ஆதாயம்தான், ஆனாலும் ஆதாயம்.

சாக்கடை இல்லாத தெருவில் பலகை எதற்கு என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சாக்கடைதான் முதலில் வேண்டும். ஆனால் விழாச் செலவில் பந்தல், ஒலிபெருக்கி, பிளெக்ஸ், சால்வை போக எஞ்சுவதில்தான் இந்தப் பேச்சு. மூன்றாம் நாள் கிழிந்துபோகும் பிளெக்ஸ் தட்டிகளுக்கு ஆகும் பணத்துக்குள்ளேயே பலாப்பலகை முடிந்துவிடும். மேலும், சாக்கடை என்றைக்குக் கேட்டோம், என்றைக்கு வந்தது என்று எழுதிவைக்கவும் அந்தப் பலகை பயன்படட்டுமே. 'இந்த ஆண்டில் வடக்குத் தெருவுக்குச் சாக்கடை இல்லை' என்ற வரியைச் செதுக்கி மாட்ட எந்த ஊராட்சிக்காவது மனம் வந்தால், அது தமிழ்நாட்டின் மிக நேர்மையான ஆண்டுவிழாப் பலகையாக இருக்கும்.

எங்கே மாட்டுவது என்பதற்கு விடை எளிது: மழைச்சாரல் படாத, மக்கள் கூடுகிற கூரைக்குக் கீழே. ஊராட்சி அலுவலகக் கூடமோ நூலகமோ பள்ளியோ எதுவானாலும் சரி. பேருந்து நிறுத்தத்தில் வேண்டாம். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அவற்றில் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். வடகிழக்குப் பருவமழை நடுவே வருவதால் கரையான் ஏறியிருக்கிறதா, ஈரம் தட்டியிருக்கிறதா என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அன்றைக்குப் பலகையைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசி, சபையில் ஒருவர் உரக்க வாசித்து, தவறு தெரிந்தால் தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம். பலகையில் உள்ளது முழுவதையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒன்றைப் பள்ளிக்கும் கொடுத்துவிட வேண்டும். கிராரிப் பண்டிதர் செய்ததை விழா நாளிலேயே செய்துவிடுவதுதான் இது.

போடிக்கு ரயில் வந்த நூற்றாண்டு 2028-இல். இரண்டு அங்குலப் பலாப்பலகை நிழலில் காய இரண்டு ஆண்டு ஆகும். விழாக் குழு அமைத்து, தலைவர் செயலாளர் தேர்ந்தெடுத்து, அழைப்பிதழ் அடிக்கும் வரை காத்திருந்தால் கிரானைட் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே போடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இதைப் படிக்கிறவர்கள், எந்தத் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த பலா கிடக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.